குளோரோசோம்: புரதம் புடிக்காம ரெண்டு லட்சம் நிறமி எப்படி அடுக்கி நிக்குது?

12 ஆகஸ்ட், காலை 8:15 (கேள்வி)

எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி படிக்கிறேன். குளோரோஃபில்லை புரதம்தான் புடிச்சு இடைவெளி விட்டு நிறுத்தி வைக்கும், இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உறிஞ்சின எனர்ஜி எல்லாம் சூடாப் போயிடும்னு க்ளாஸ்ல சொன்னாங்க. ஆனா பச்சை கந்தக பாக்டீரியாவுல லட்சக்கணக்குல நிறமி புரதமே இல்லாம ஒரு பைக்குள்ள இருக்குன்னு ஒரு வீடியோவுல பாத்தேன். அதே வீடியோவுல அது குவாண்டம் கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்யுதுன்னும் சொல்றாங்க. எது நிஜம்?

12 ஆகஸ்ட், இரவு 9:50

முதல் பாதி நிஜம். குவாண்டம் சமாச்சாரத்துக்கு அப்புறம் வரேன், இப்பவே ஆரம்பிச்சா கோவம்தான் வரும்.

அந்தப் பைக்கு பேர் குளோரோசோம். 1964-ல கோஹென்-பசீர், ஃபென்னிக், குனிசாவா மூணு பேரும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல பாத்து எழுதினாங்க, குளோரோசோம்ங்கற பேர் 1978-லதான் வந்துது. நீளம் 100-லருந்து 200 நானோமீட்டர், அகலம் 50 பக்கம், உயரம் அதுல பாதி. சுத்தி ஒத்தை லேயர் கொழுப்பு உறை, சாதாரண செல் சவ்வு மாதிரி ரெட்டை லேயர் கெடையாது, ஏன்னா உள்ள தண்ணியே இல்ல, எல்லாமே எண்ணெய்த்தன்மை உள்ள நிறமிதான். செல் சவ்வோட உள்பக்கத்துல இது ஒட்டிக்கிட்டு இருக்கும். குளோரோபாகுலம் டெபிடம்னு ஒரு இனம், நியூசிலாந்து வெந்நீர் ஊத்துலருந்து எடுத்தது, எல்லா லேபும் அதத்தான் வளக்குது, அதுல ஒரு குளோரோசோமுக்குள்ள ரெண்டு லட்சம் சொச்சம் பாக்டீரியோகுளோரோஃபில் சி (குளோரோஃபில்லோட பாக்டீரியா வகை ஒண்ணு). ஒரு செல்லுல இந்த மாதிரி நூத்துக்கணக்குல இருக்கும்.

செடியில ஒரு வினைமையத்துக்கு (எனர்ஜியை வாங்கி எலக்ட்ரானை நகத்தற இடம்) சில நூறு குளோரோஃபில்தான். இதுல ஆயிரக்கணக்குல. வெளிச்சத்துக்கு எவ்வளவு பசியில இருக்கற ஜீவன்னு இதுலயே தெரியும்.

12 ஆகஸ்ட், இரவு 10:30

புரதமே இல்லன்னு சொல்றது கொஞ்சம் மிகை, அத இப்பவே சொல்லிடறேன். உறையில பத்து புரதம் இருக்கு. ஆனா டொனால்ட் பிரையன்ட் குரூப் பென்சில்வேனியாவுல அந்த ஜீனை ஒண்ணொண்ணா அழிச்சுப் பாத்தாங்க, சிஎஸ்எம்-ஏ ஒண்ணைத் தவிர மத்த எத எடுத்தாலும் குளோரோசோம் உருவாகத்தான் செய்யுது. உள்ள இருக்கற நிறமிக் கூட்டத்தை எந்தப் புரதமும் தாங்கிப் புடிக்கல, அதுதான் விஷயம்.

13 ஆகஸ்ட், மதியம் 1:20

சரி, அப்ப யார் அடுக்கறது? மூலக்கூறே அடுக்கிக்குது.

செடியில உள்ள குளோரோஃபில் ஏ-வையும் இந்த பாக்டீரியோகுளோரோஃபில் சி-யையும் பக்கத்துல வரைஞ்சு பாருங்க. நடுவுல மெக்னீசியம் ரெண்டுலயும் உண்டு. மூணாம் கார்பன்ல செடிக்கு வினைல், இதுக்கு அந்த இடத்துல ஒரு ஓஹெச் குரூப். இன்னொரு ஓரத்துல செடிக்கு கீட்டோவோட ஒட்டி ஒரு பெரிய மெத்தாக்ஸிகார்பனைல் குரூப் துருத்திக்கிட்டு நிக்கும், இதுல அது இல்ல, அதனால கீட்டோ மறைப்பு இல்லாம திறந்து கெடக்கு. இப்ப பாருங்க: ஒருத்தனோட ஓஹெச்-ல இருக்கற ஆக்சிஜன் பக்கத்து மூலக்கூறோட மெக்னீசியத்தைப் புடிச்சுக்கும், அதே ஓஹெச்-ல இருக்கற ஹைட்ரஜன் மூணாவது ஒருத்தனோட கீட்டோவைப் புடிச்சுக்கும். ஒவ்வொண்ணும் இதையே செஞ்சா தட்டு தட்டா அடுக்கு நீண்டுக்கிட்டே போகும். ஓஹெச், மெக்னீசியம், கீட்டோ, இந்த மூணு புடியில ஒண்ணை எடுத்தாலும் அடுக்கு நிக்காது.

நான் லேப்ல இருந்தப்ப இத நம்ப வெச்சது ஒரே ஒரு சோதனை. செல்லை உடைச்சு மெத்தனால்ல நிறமியைக் கரைச்சா 670 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும், எல்லா மூலக்கூறும் தனித்தனியா மிதக்குது. முழு குளோரோசோமை பஃபர்ல போட்டு அளந்தா 750 பக்கம். நிறமி அதேதான், எண்பது நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகந்துருச்சு, ஒண்ணுக்கொண்ணு அவ்வளவு நெருக்கமா பேசிக்குது. அந்த முழு குளோரோசோம் இருக்கற குவெட்டுலயே (அளக்கற சின்னக் குப்பி) ஹெக்ஸனால்ங்கற ஆல்கஹாலை விட்டா 750 முகடு இறங்கி 670 ஏறும், கண்ணு முன்னாடி. பஃபர் ஊத்தி ஹெக்ஸனாலை நீர்த்துப்போக விட்டா பெருமளவு திரும்பி வருது. எந்தப் புரதமும் வந்து சொல்லித் தரல, அதுவா கலைஞ்சு அதுவா சேருது. இத முதல்ல பாத்தப்ப கைடுகிட்ட ஓடிப்போய் சொன்னேன், அவர் "இது 1990-லயே பேப்பர்ல வந்துருச்சுப்பா, போய் படி"ன்னுட்டார்.

13 ஆகஸ்ட், மாலை 6:05

மேல ஒருத்தர் கேட்டிருக்கார், ஒட்டிக்கிட்டா எனர்ஜி சூடாப் போகணுமே, ஏன் போகலன்னு. நல்ல கேள்வி, க்ளாஸ்ல சொன்னதும் பொய் இல்ல. குளோரோஃபில்லை கண்டபடி திணிச்சா ஏதோ ரெண்டு தப்பான கோணத்துல ஒட்டி ஒரு குழி உண்டாயிடும், எனர்ஜி அதுல விழுந்து செத்துடும். குளோரோசோம்ல அடுக்கு ஒரே முறையில இருக்கறதால அந்த மாதிரி குழி அதிகம் விழறதில்ல, எனர்ஜியும் ஒரே இடத்துல நிக்காம மிக வேகமா பரவிடுது. சில பத்துலருந்து நூறு பிக்கோசெகண்டுக்குள்ள அடித்தட்டுக்கு (குளோரோசோமோட அடியில நிறமி வெச்ச புரதத் தட்டு) போயிடும்.

இன்னொரு பக்கம், ஆக்சிஜன் வந்தா இது தானாவே தன்னை அணைச்சுக்கும். குளோரோசோமுக்குள்ள குவினோன் நிறைய இருக்கு, காத்து பட்டா அது ஆக்சிஜனேற்றமாகி எனர்ஜியை நடுவுலயே புடுங்கிடும். காத்துல வெச்ச சாம்பிள்ல ஃப்ளோரசன்ஸ் சோர்ந்து கெடக்கும், ஆக்சிஜனை எடுத்துடற டைதயோனைட் உப்பு ஒரு சிட்டிகை போட்டா ஏறும். இந்த ஜீவனுக்கு ஆக்சிஜன் விஷம், அந்த நேரத்துல எனர்ஜி வினைமையத்துக்குப் போனா அங்க இருக்கற இரும்பு-கந்தகக் கொத்துலருந்து எலக்ட்ரான் ஆக்சிஜனுக்குத் தாவி செல்லையே கெடுத்துடும். அதுக்குத்தான் மெயின் சுவிட்ச் மாதிரி ஒரு ஏற்பாடு.

14 ஆகஸ்ட், இரவு 11:40

இப்ப சண்டை நடந்த இடத்துக்கு வரேன். தட்டு தட்டா அடுக்குன்னு சொன்னேன், அந்த அடுக்கு மொத்தமா என்ன வடிவம்?

1978-80-ல உறைய வெச்சு உடைச்சு எடுத்த படத்துல குச்சி குச்சியா தெரிஞ்சுது, குளோரோபியம்ங்கற பச்சை கந்தக பாக்டீரியாவுல 10 நானோமீட்டர் தடிமன், குளோரோசோம் உள்ள இன்னொரு பாக்டீரியா குளோரோஃப்ளெக்ஸஸ்ல அதுல பாதி. அதனால இருபத்தஞ்சு வருஷம் எல்லா டெக்ஸ்ட்புக்லயும் குச்சிக்கட்டு படம்தான். 2004-ல ப்ஷென்சிக்கும் கூட்டாளிகளும் எக்ஸ்-ரே சிதறலும் குளிர் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பும் வெச்சுப் பாத்து, குச்சி எல்லாம் இல்ல, 2 நானோமீட்டர் இடைவெளியில அலை அலையா தாள்கள்தான் இருக்குன்னாங்க. நிறமியோட ஃபார்னசால் வால் ரெண்டு தாளுக்கும் நடுவுல கோத்துக்கிட்டு நிக்குது, அந்த இடைவெளி அதனால வருது. 2009-ல லைடனும் க்ரோனிங்கனும் பென்சில்வேனியாவும் சேந்து, அந்தத் தாள்கள் உருளையா மூடி ஒண்ணுக்குள்ள ஒண்ணா நிக்குதுன்னு காட்டினாங்க. பாயைச் சுருட்டி நிறுத்தி மேலருந்து பாத்தா வளையம் வளையமா தெரியுமே, அந்த மாதிரி.

15 ஆகஸ்ட், காலை 7:10

பாய் உதாரணம் பாதி தூரம்தான் போகும். சுருட்டின பாய் ஒரே தாள், சுருளா போகும். 2009 மாடல்ல ஒவ்வொரு உருளையும் தனியா மூடிக்குது. ஆனா படங்கள்ல மூடாம வளைஞ்சு மட்டும் நிக்கற தாளும் தெரியுது, சுருளும் தெரியுது. ஒரே குளோரோசோமுக்குள்ள ரெண்டும் இருக்கலாம். அப்ப எது சரியான வடிவம்னு கேக்கறதே சரியாங்கறதுதான் எனக்கு ரொம்ப நாளா உள்ள சந்தேகம்.

15 ஆகஸ்ட், காலை 11:30

லீவு நாள், அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

2009 வேலையில அவங்க பயன்படுத்தினது சாதாரண பாக்டீரியா இல்ல, பிசிஹெச்-க்யூ, ஆர், யூ-ன்னு மூணு ஜீனை அழிச்ச மியூட்டன்ட். ஏன் அழிச்சாங்க? இயற்கையான குளோரோசோம்ல இருக்கற பாக்டீரியோகுளோரோஃபில் சி ஒரே மூலக்கூறு இல்ல. எட்டாம் கார்பன்ல எத்தில், புரோப்பில், ஐசோபியூட்டில்னு கலந்து கெடக்கும், பன்னெண்டாம் கார்பன்ல மெத்திலோ எத்திலோ, அந்த ஓஹெச் இருக்கற கார்பன்லயும் வலக்கை இடக்கைன்னு ரெண்டு வகை. ஒரு டஜனுக்குப் பக்கம் வகைகள் கலந்த கும்பல். இத வெச்சு என்எம்ஆர் எடுத்தா கோடெல்லாம் அகலமா பூசினாப்ல வரும், எக்ஸ்-ரே படிகம்ங்கற பேச்சே இல்ல. அந்த மூணு ஜீனும்தான் கூடுதல் மெத்தில்களைச் சேக்கறது, அதை எடுத்தா நிறமி கிட்டத்தட்ட ஒரே வகையாகி பாக்டீரியோகுளோரோஃபில் டி ஆயிடும், அடுக்கும் சுத்தமா ஒழுங்கா வரும். அப்படித்தான் வடிவம் புரிஞ்சுது. அதோட மாடலை வெச்சு இயற்கையானதையும் விளக்கினாங்க, அடுக்கற முறை ஒண்ணுதான், உருளையில அடுக்கு ஓடற திசை மட்டும் வேற.

இதுல யாரும் பெரிசா பேசாத ஒரு விஷயம் உண்டு. அந்தச் சுத்தமான மியூட்டன்ட் மங்கின வெளிச்சத்துல இயற்கையான பாக்டீரியாவை விட மெதுவாத்தான் வளருது. பிரையன்ட் குரூப்பே 2007-ல அந்த மெத்தில் ஜீன்களை அழிச்சுட்டு வளத்துப் பாத்து எழுதினாங்க. நாம பாக்க வசதியா ஒழுங்கு பண்ணினா அதுக்கு நஷ்டம்! கலப்படமா இருந்தா உறிஞ்சற பட்டை அகலமாகுது, முகடும் சிவப்புப் பக்கம் போகுது, பக்கத்துல இருக்கற அடித்தட்டோட நல்லா பொருந்துது. இந்த ஒழுங்கின்மை கோளாறு இல்ல, அதுக்குன்னு தனியா என்சைம் வெச்சுச் செலவு பண்ணி செய்யற வேலை.

ரெண்டு குளோரோசோம் ஒரே மாதிரி இருக்காது. இத "ஹெட்டிரோஜெனைட்டி பிரச்சினை"ன்னு பேப்பர்ல எழுதறப்ப எல்லாம் எனக்கு எரிச்சலா இருக்கும், யாருக்குப் பிரச்சினை? நமக்குத்தான். பாக்டீரியாவுக்கு மூணு புடி சரியா இருந்தா போதும், மத்தபடி உருளையா சுருளா தாளாங்கறது ரெண்டாம்பட்சம்.

15 ஆகஸ்ட், மதியம் 12:15

மேல "அப்ப புரதம் வெச்ச செடி முட்டாளா"ன்னு கேட்டவருக்கு: இல்ல. செடிக்கு வெயில் அதிகமாகும்போது அளந்து குறைக்கணும், ஆக்சிஜனோடவே வாழணும், அதுக்கு ஒவ்வொரு நிறமியையும் தனித்தனியா கையில புடிச்சு வெச்சாத்தான் முடியும். இதுக்கு அந்தக் கவலை இல்ல, வெளிச்சம் என்னிக்குமே பத்தாது.

16 ஆகஸ்ட், இரவு 8:45

எவ்வளவு பத்தாதுன்னா, கருங்கடல்ல கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆழத்துல ஒரு குளோரோபியம் வாழுது, பிஎஸ்1-னு பேர். மேல ஆக்சிஜன் தண்ணி, கீழ சல்ஃபைடு தண்ணி, அந்த எல்லையில உக்காந்திருக்கு. அங்க ஒரு தடவை பிரிஞ்சு ரெண்டாக வருஷக்கணக்குல ஆகும்னு கணக்குப் போட்டிருக்காங்க. அந்த ஆழத்துக்கு நீலப்பச்சை வெளிச்சம் மட்டும்தான் இறங்கும், அதனால இதுல சி இல்ல, பாக்டீரியோகுளோரோஃபில் ஈ, கூட ஐசோரெனியரட்டீன்ங்கற கரோட்டினாய்டு, பாக்க பழுப்பா இருக்கும். பச்சை பாக்டீரியான்னு பேரு, ஆளு பழுப்பு. 2005-ல பசிபிக் கடலடியில 2,400 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊத்துப் பக்கத்துலருந்து ஒண்ணை எடுத்தாங்க, அங்க சூரியனே கெடையாது, சூடான ஊத்து விடற மங்கின ஒளியில பொழைக்கும்னு வாதம். இதை முதல்ல படிச்சப்ப நம்பவே இல்ல, இப்ப முக்கால் மனசோட நம்பறேன்.

கொஞ்சம் ஓரம் போறேன். அந்த ஐசோரெனியரட்டீன் பாறையில ஹைட்ரஜனேறி ஐசோரெனியரட்டேனா தங்கிடும், 25 கோடி வருஷத்துக்கு முந்தின பெர்மியன் பேரழிவுக் காலப் பாறையில ஆஸ்திரேலியாவுலயும் சீனாவுலயும் கெடைச்சிருக்கு. அப்ப வெளிச்சம் படற ஆழத்துக்கே சல்ஃபைடு ஏறி வந்துடுச்சுன்னு அர்த்தம். நாம லேப்ல மூக்கைப் பொத்திக்கிட்டு வளக்கற சாமான் ஒரு காலத்துல கடல்ல பல இடத்துல இருந்திருக்கு.

17 ஆகஸ்ட், இரவு 10:20

சரி, குவாண்டம்.

முதல்ல, அந்த வீடியோ ரெண்டு வேற சாமானைக் கலந்துடுச்சு. எனர்ஜி போற வழி இது (எண் எல்லாம் உறிஞ்சற நானோமீட்டர்): குளோரோசோம் உள்ள 750, அதுக்குக் கீழ சிஎஸ்எம்-ஏ புரதத்துல பாக்டீரியோகுளோரோஃபில் ஏ வெச்ச அடித்தட்டு 795, அதுக்கும் கீழ எஃப்எம்ஓ புரதம் 810 பக்கம், கடைசியில சவ்வுக்குள்ள வினைமையம், பி840. படிப்படியா இறக்கம், திரும்ப ஏறறது கஷ்டம். குவாண்டம் கதை முழுக்க எஃப்எம்ஓ பத்தினது, ரெண்டு லட்சம் நிறமி பத்தினது இல்ல.

எஃப்எம்ஓ-ங்கறது ஃபென்னா, மேத்யூஸ், ஓல்சன். ஓல்சன் 1962-ல கண்டுபிடிச்சார், மத்த ரெண்டு பேரும் 1975-ல எக்ஸ்-ரேயில அமைப்பைக் கொண்டு வந்தாங்க, குளோரோஃபில் வெச்ச புரதத்துல முதல்முதலா அமைப்பு தெரிஞ்சது இதுதான். மூணு துண்டு சேந்த புரதம், துண்டுக்கு ஏழு நிறமி. முப்பது வருஷம் ஏழு ஏழுன்னே எல்லாரும் கணக்குப் போட்டாங்க, அப்புறம் பாத்தா எட்டாவது ஒண்ணு இருக்கு, தளர்வா ஒட்டியிருக்கறதால சுத்திகரிக்கும்போதே கழண்டு போயிட்டிருந்துது. அது இருக்கற இடம் அடித்தட்டைப் பாத்த பக்கம், எனர்ஜி உள்ள நுழையற வாசலே அதுவா இருக்கலாம்.

இது சின்னது, தண்ணியில கரையும், அமைப்பு தெரியும், அதனால ஸ்பெக்ட்ராஸ்கோப்பிக்காரங்களுக்கு ரொம்பப் புடிக்கும். 2007-ல பெர்க்லியில ஃப்ளெமிங் குரூப் மைனஸ் 196 டிகிரியில அளந்து, 600 ஃபெம்டோசெகண்டுக்கு மேல அலை மாதிரி துடிப்பு தெரியுதுன்னாங்க. எனர்ஜி எல்லா வழியையும் ஒரே நேரத்துல தேடிப் பாக்குதுன்னு விளக்கம் வந்துது, பத்திரிகைங்க அதைப் புடிச்சுக்கிட்டு பாக்டீரியாவுக்குள்ள குவாண்டம் கம்ப்யூட்டர்னு எழுதித் தள்ளிட்டாங்க. 2017-ல அறை வெப்பத்துல திரும்ப அளந்தாங்க, எலக்ட்ரானிக் கோஹிரன்ஸ் (நிறமிகளுக்கு நடுவுல உள்ள அலை ஒத்திசைவு) 60 ஃபெம்டோசெகண்ட்ல காலி. எனர்ஜி நகர அதைவிட ரொம்ப நேரம் ஆகும். அந்த நீண்ட துடிப்பு பெரும்பாலும் மூலக்கூறோட அதிர்வுதான்னு 2020-ல அந்தத் துறை ஆளுங்களே ஒண்ணா உக்காந்து விமர்சனக் கட்டுரை எழுதிட்டாங்க. வீடியோக்காரங்களுக்கு அது இன்னும் போய்ச் சேரல.

17 ஆகஸ்ட், இரவு 10:55

தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. குவாண்டமே இல்லன்னு நான் சொல்லல. 670-லருந்து 750-க்கு நகந்துதுன்னு சொன்னேனே, அதுவே குவாண்டம்தான், தூண்டல் ஒரே மூலக்கூறுல நிக்காம பல மூலக்கூறுல பரவி நிக்கறதால வரது. ஹெக்ஸனால் குவெட்டுல வெறும் கண்ணால பாத்தது அதத்தான். அது யாருக்கும் செய்தியா தெரியல.

19 ஆகஸ்ட், காலை 9:00

குளோரோஃப்ளெக்ஸஸ் பத்தி கேட்டிருக்காங்க. 1974-ல பியர்சனும் கஸ்டன்ஹோல்ஸும் விவரிச்சது, வெந்நீர் ஊத்துல இழை இழையா வளரும். குளோரோசோம் உண்டு, ஆனா எஃப்எம்ஓ கெடையாது, வினைமையமும் வேற வகை. அப்புறம் 2007-ல யெல்லோஸ்டோன்ல குளோராசிடோபாக்டீரியம், அதுலயும் குளோரோசோம், அதுல எஃப்எம்ஓவும் உண்டு, கொஞ்சம் ஆக்சிஜனோட வேற வாழுது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மூணு குடும்பத்துல ஒரே பை. ஜீன் பக்கவாட்டுல தாவியிருக்கும்னு எனக்குத் தோணுது, வாதம் இன்னும் ஓடிட்டிருக்கு.

19 ஆகஸ்ட், மதியம் 3:30

எக்ஸாமுக்கு என்ன படம் போடறது? உருளை போடு, உள்ள ரெண்டு மூணு வளையம், கீழ அடித்தட்டு, எஃப்எம்ஓ, வினைமையம், பக்கத்துல நாலு எண். குச்சிக்கட்டு படம் போட்டாலும் மார்க் வரும், திருத்தறவர் எந்த எடிஷன் படிச்சார்ங்கறதைப் பொறுத்து.

20 ஆகஸ்ட், இரவு 9:15

காலேஜ் லேப்ல வளக்க முடியுமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. முடியும். ஸ்க்ரூ கேப் பாட்டில் கழுத்துவரை மீடியம், காத்துக் குமிழி இருக்கக் கூடாது, சல்ஃபைடு அளவாப் போடணும், ஜாஸ்தியானா அதுவே கொல்லும். வெளிச்சம்தான் இப்ப சிக்கல். பழைய குண்டு பல்பு அருமையா வேலை செய்யும், அதுல 750 பக்கம் கொட்டிக் கெடக்கு. வெள்ளை எல்இடியில அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, 460 பக்க நீலத்தை வெச்சு ஏதோ ஒப்பேத்தும். நான் இருந்த இடத்துல மின்சாரம் மிச்சம்னு யாரோ ஷெல்ஃப் முழுக்க எல்இடி மாத்திட்டாங்க, கல்ச்சர் எல்லாம் மந்தமாயிடுச்சு, காரணம் புரியாம ரொம்ப நாள் மீடியத்தையே திட்டிக்கிட்டு இருந்தோம். தூர-சிவப்பு எல்இடி தனியா கெடைக்குது, 730-740, அத வாங்குங்க.

ஹெக்ஸனால் சோதனை பண்றதா இருந்தா ஃபியூம் ஹூட்ல பண்ணுங்க, கிளவுஸ் போடுங்க, அந்த வாசனை சட்டையில ஏறினா லேசுல போகாது. முதல்ல ஹெக்ஸனால் இல்லாம ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்து வெச்சுக்கோங்க, 600-லருந்து 850 வரைக்கும்.

20 ஆகஸ்ட், இரவு 9:25

850 பத்தாது, 900 வரைக்கும் எடுங்க. 795 பக்கம் ஒரு சின்ன தோள் தெரியும், அதுதான் அடித்தட்டு. ஹெக்ஸனால் போட்டப்புறம் அது என்ன ஆகுதுன்னு பாத்துட்டு இங்க வந்து எழுதுங்க.